பட்டான் கல்லும் காவலர் தூணும்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் பணியில் இறந்தவரின் பெயர் எப்படி நிற்கிறது

தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் இருக்கும் கற்களில் பெரும்பாலானவை நடுகற்கள். வலக்கையில் குறுவாள், இடக்கையில் வில், உடம்பில் தைத்த அம்பு, காலடியில் கெண்டியும் சிமிழும். உருவத்தைச் சுற்றி வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் சில வரிகள். அந்த வரிகள் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கும்: இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய சேவகன் இன்னான், இன்ன ஊர்த் தொறுவை மீட்டுப் பட்டான், அவன் கல். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் சண்டையில் இறந்தான்.

காவல் பணியில் ஒருவர் இறந்தால் தெரிந்துகொள்ள வேண்டிய ஐந்தும் அதற்குள் வந்துவிடுகின்றன. யார், யாருக்குக் கீழ் வேலை செய்தார், எப்போது, எந்த ஊரில், எதைக் காக்கப்போய். உணர்ச்சிச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. இன்று ஆயுதப்படை மைதானங்களில் நிற்கும் நினைவுத் தூண்களைப் பார்த்தால் நிலைமை தலைகீழ். வீரவணக்கம் என்ற சொல் பெரிதாக இருக்கும். மலர்வளையம் வைக்க மேடை இருக்கும். செத்தவர் யார், எதற்காக என்பதைத் தூணைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. விவரமெல்லாம் காகிதத்தில், வேறெங்கோ ஒரு பீரோவில். உள்ளூர்க் காவலர் ஒருவரின் நினைவு இருபது ஆண்டு தாண்டுமா என்பது அந்தக் காகிதத்தை எவ்வளவு கவனமாக எழுதினார்கள், அதிலிருந்து எத்தனை வரி கல்லுக்கு வந்தது என்பதில்தான் இருக்கிறது.

முதலில் பழைய முறை. நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். தகுந்த கல்லைத் தேடிப் பார்ப்பது, வேலையைத் தொடங்குவது, கல்லை நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, கடைசியாக வாழ்த்துவது. இன்று நாம் ஆறாவது படியில் மட்டும் கெட்டிக்காரர்கள். தகடூர் அதியமான் இறந்தபோது அவன் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் படைத்ததை ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். தகடூர் என்பது இன்றைய தருமபுரிதான். அரசனுக்கும் அதே கல், மாடு மீட்கப் போனவனுக்கும் அதே கல்.

கற்கள் வயலோரத்தில், ஏரிக்கரையில், ஊர் எல்லையில் நடப்பட்டன. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல ஊர்களில் அவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள்; பிள்ளைகளுக்கு வேடியப்பன் என்று பெயரும் வைக்கிறார்கள். கல்லில் இருப்பவனின் சொந்தப் பெயர் மறந்துபோனது, ஆனால் கல் தப்பியது. கும்பிட்டதால் தப்பியது, கும்பிட்டதாலேயே எழுத்தும் தேய்ந்தது. எண்ணெய், மஞ்சள், சுண்ணாம்பு, இப்போது எனாமல் பெயின்ட் என்று அடுக்கடுக்காக ஏறி, ஆழமில்லாமல் வெட்டிய வட்டெழுத்துப் பள்ளங்கள் அடைந்துவிடுகின்றன. கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று கம்பி பிரஷ்ஷும் ஆசிட்டும் போடுவது அதைவிடக் கேடு. தேய்ந்த எழுத்தின் விளிம்பையே அவை தின்றுவிடும். தெரிந்தவர்கள் தண்ணீரும் நார் பிரஷ்ஷும் மட்டும் வைத்துக் கழுவி, நனைந்த தாளைக் கல்லின்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, கொஞ்சம் காய்ந்ததும் மையை ஒற்றி எடுப்பார்கள். வெட்டு விழுந்த இடம் வெள்ளையாகவும் மற்றது கருப்பாகவும் வரும். அதுதான் மைப்படி. கல் நாளைக்குக் காணாமல் போனாலும் படி இருந்தால் செய்தி இருக்கும்.

இந்த மரபில் இரண்டு விஷயங்கள் இன்றைக்கு நேராகப் பொருந்துகின்றன. ஒன்று, இறந்தவன் வீட்டாருக்கு நிலம் கொடுத்தது. உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி என்று கல்வெட்டுகள் சொல்வது அதைத்தான். நெய்த்தோர் என்றால் இரத்தம். இன்றைய கருணைத்தொகைக்கு அது முப்பாட்டன். இரண்டாவது கொஞ்சம் சங்கடமானது. தொறு மீட்டுப் பட்டவனுக்கு மட்டும் கல் இல்லை, தொறு கொள்ளப் போய்ப் பட்டவனுக்கும் கல் உண்டு. மாடு கவரும் வெட்சிக்கும் அதை மீட்கும் கரந்தைக்கும் அடுத்தடுத்த ஊரில் கல் நிற்கும். எந்தக் கல் எந்தப் பக்கம் என்பது எழுத்தைப் படித்தால்தான் தெரியும். உருவத்தை மட்டும் பார்த்தால் இருவரும் வில்லும் வாளுமாக ஒரே மாதிரிதான் நிற்பார்கள். ஆகவே எழுத்து இல்லாத நினைவுச் சின்னம் ஒரு தலைமுறைக்குப் பிறகு யாருக்கு என்றே தெரியாமல் போகும்.

சமீபக் காலத்திலும் இந்த மண் இரு பக்கத்துக்கும் கல் நட்டிருக்கிறது. 1980 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, அன்று வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த திருப்பத்தூரில், பிடிபட்ட நக்சலைட்டுகளைக் காரில் கொண்டுவருகையில் வெடிகுண்டு வெடித்து இன்ஸ்பெக்டர் பழனிச்சாமியும் மூன்று காவலர்களும் இறந்தார்கள். அதற்குப் பிறகு வடஆர்க்காட்டிலும் தருமபுரியிலும் நடந்த தேடுதல் வேட்டைக்கு அஜந்தா என்று பெயர் வைத்தது அரசு. அது பழனிச்சாமியின் மகளுடைய பெயர். அந்த வேட்டையில் நடந்த மோதல் சாவுகளில் பல போலி என்ற குற்றச்சாட்டு இன்றும் தீரவில்லை. திருப்பத்தூரில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6 அன்று காவல்துறை மலர்வளையம் வைக்கிறது. தருமபுரிக்குப் பக்கத்தில் நாயக்கன்கொட்டாயில் நக்சல் தலைவர்கள் அப்பு, பாலன் இருவருக்கும் சிலை நிற்கிறது. யாரை எதற்காக நினைக்கிறோம் என்பதைத் தெளிவாக எழுத வேண்டிய கட்டாயம் மற்ற மாவட்டங்களைவிட இங்கே அதிகம்.

இனி அக்டோபர் 21. நாடு முழுக்கக் காவலர் வீரவணக்க நாளாகக் கடைப்பிடிக்கும் இந்தத் தேதிக்குக் காரணம் லடாக்கில் இருக்கிறது. 1959 அக்டோபர் 20-ஆம் தேதி ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் மூன்று குழுக்கள் ரோந்து போயின. இரண்டு திரும்பிவிட்டன. இரண்டு காவலரும் ஒரு சுமைதூக்கியும் இருந்த மூன்றாவது குழு திரும்பவில்லை. மறுநாள் கரம் சிங் என்ற அதிகாரியின் தலைமையில் தேடிப் போனவர்கள்மீது சீனப் படை சுட்டதில் 10 பேர் இறந்தார்கள். உடல்கள் நவம்பர் 13-ஆம் தேதிதான் திரும்பக் கிடைத்தன. 1960 ஜனவரியில் கூடிய மாநிலக் காவல்துறைத் தலைவர்கள் மாநாடு அந்த நாளை ஆண்டுதோறும் நினைவு நாளாகக் கொள்ள முடிவெடுத்தது. டெல்லி சாணக்யபுரியில் தேசியக் காவலர் நினைவிடம் திறந்ததும் 2018-இல் இதே தேதியில்தான். 30 அடி உயர ஒற்றைக் கருங்கல், 238 டன் எடை. பின்னால் இருக்கும் சுவரில் திறப்பு விழா அன்றைக்கு 34,844 பெயர்.

அந்தப் பட்டியல் வேலை செய்யும் விதம் பலருக்குத் தெரியாது. கணக்கு ஜனவரியில் தொடங்குவதில்லை. செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை பணியில் இறந்தவர்களின் பெயர்களை அந்த அக்டோபர் 21-இல் வாசிப்பார்கள். ஜூனில் இறந்தவர் பெயர் நான்கு மாதத்தில் வந்துவிடும். செப்டம்பர் 5-ஆம் தேதி இறந்தவர் பெயர் வர 13 மாதத்துக்கு மேல் ஆகும். இது தெரியாமல், முதல் அக்டோபரில் மைதானத்துக்கு வந்து உட்கார்ந்து, பெயர் வராததைக் கண்டு மனம் உடைந்து திரும்பும் குடும்பங்கள் உண்டு. அழைப்பு கொடுக்கப்போகும் காவலர் இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு வந்தால் போதும். பெயர் மாவட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்திலிருந்து டி.ஜி.பி. அலுவலகம் வழியாக டெல்லிக்குப் போகிறது. தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்துக்கு மாறி, பிறகு மற்ற மாநிலங்களில் அவரவர் மொழிக்கு மாறும்போது ழகரமும் முதலெழுத்தும் படும் பாடு தனிக்கதை. பணிப்பதிவேட்டில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலை அப்படியே அனுப்பினால் பாதிச் சிக்கல் குறையும்.

மைதானத்தில் நடப்பதில் பார்வையாளர் கவனிப்பது துப்பாக்கி முழக்கத்தை. மறுநாள் பேப்பரில் 42 குண்டு முழங்க, 63 குண்டு முழங்க என்று வரும் எண்ணுக்குத் தனிப் பொருள் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சுற்று மூன்று; நிற்கும் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கினால் அந்த எண் வரும். 14 பேர் நின்றால் 42, 21 பேர் நின்றால் 63. இறுதிச் சடங்கில் 7 பேர் நின்றால் 21. சுடுவது வெற்றுத் தோட்டா, காவலர் பேச்சில் பிளாங்க். குண்டு இல்லை என்றாலும் குழல்வாயிலிருந்து வரும் தீயும் தோட்டாவின் வாயை மூடிய அடைப்பும் பக்கத்தில் நிற்பவரைக் காயப்படுத்தும். அதனால்தான் குழலை மேல்நோக்கிச் சாய்த்து, முன்னால் யாரும் இல்லாமல் நிற்கிறார்கள்.

மூன்று சுற்றும் ஒரே சத்தமாக விழாமல் பொரிகடலை வறுப்பதுபோல் சிதறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆள் இல்லை, துப்பாக்கி. பழைய .303 ரைபிளில் ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். தோட்டா வெற்றா முழுசா என்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. அதற்குப் பிறகு வந்த எஸ்.எல்.ஆர்., இன்சாஸ் வகைகள் சுட்ட வாயுவின் அழுத்தத்தில் தானே அடுத்த தோட்டாவை ஏற்றுபவை. வெற்றுத் தோட்டாவில் அந்த அழுத்தம் போதாது. குழல்வாயில் அதற்கென உள்ள அடைப்பானைப் பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் கையால் காக் செய்ய வேண்டும். இதை ஒத்திகையில் எண்ணிப் பழகாவிட்டால் இரண்டாவது சுற்றில் பாதிப் பேர் பின்தங்குவார்கள். தோட்டா நனைந்திருந்தால், நாள்பட்டதாக இருந்தால், சுத்தியல் ஊசியில் பிசுக்கு ஏறியிருந்தால் சத்தமே வராது. 2019 ஆகஸ்டில் பீகார் முன்னாள் முதல்வர் ஜெகன்னாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கில் 22 துப்பாக்கிகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை, நாடே பார்த்தது. முந்தைய நாள் ஒத்திகையில் அதே பெட்டித் தோட்டாவிலிருந்து ஆளுக்கு ஒன்று சுட்டுப் பார்ப்பது வீண் செலவு இல்லை.

சோக மரியாதை நிலையில் துப்பாக்கியைத் தலைகீழாக்கி, குழல்வாயை இடது பூட்ஸின் மேல் ஊன்றி, கைகளை அடிக்கட்டைமேல் வைத்துத் தலை குனிவார்கள். அக்டோபர் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் மாதம். ஈர மண்ணில் குழல் சறுக்கினால் அணியே குலையும். பூட்ஸின்மேல் வைக்கச் சொல்வது மரியாதைக்கும் சேர்த்து, குழலுக்குள் மண் ஏறாமல் இருக்கவும்தான்.

மைதானத்தில் நடப்பது ஒரு மணி நேரம். குடும்பத்துக்கு அதைவிட நீண்ட வேலை மற்ற 364 நாளில் இருக்கிறது, அது கோப்பு. இறந்தவர் பணியின்போது இறந்தார் என்பதை நிறுவ வேண்டும். விடுப்பிலோ பணியிடை நீக்கத்திலோ இல்லாத காவலர் எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்பது காவல் சட்டங்களின் பழைய கொள்கை. ஆனால் பணத்தையும் வேலையையும் தரும் மேசைகள் கொள்கையைக் கேட்பதில்லை, காகிதத்தைக் கேட்கும். நிலையத்தின் பொது நாட்குறிப்பில் அவர் கிளம்பிய நேரம், போன இடம், யாருடன், எந்த வழக்குக்காக என்ற பதிவு, பணிக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டான டூட்டி பாஸ்போர்ட், ஜீப்பின் லாக் புத்தகம், வயர்லெஸ் மைக்கில் பேசியதைக் கட்டுப்பாட்டு அறை குறித்த நேரம், இரவு ரோந்து என்றால் போகும் இடங்களில் கையெழுத்திடும் பட்டா புத்தகத்தில் அவர் கடைசியாகப் போட்ட கையெழுத்து. இவை ஒன்றோடொன்று ஒத்துப்போனால் கோப்பு ஓடும். நாட்குறிப்பில் 9.40, லாக் புத்தகத்தில் 8.15 என்று இருந்தால் நின்றுவிடும்.

சிக்கல் வழக்கமாக எங்கே வருகிறது என்றால், திடீரென்று ஓடியவர் விஷயத்தில். ஓசூர் போன்ற எல்லை ஊரில் நகை பறித்தவன் பத்து நிமிடத்தில் கர்நாடகத்துக்குள் போய்விடுவான். தகவல் வந்ததும் காவலர் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். நாட்குறிப்பு எழுத நேரம் இல்லை. மஃப்டியில் இருக்கலாம், பணி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியாக இருக்கலாம். அந்தப் பதிவைப் பிறகு எழுதலாம், தவறில்லை. எழுதிய நேரத்தையும் நடந்த நேரத்தையும் தனித்தனியாகக் குறித்து, தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். நல்லது செய்வதாக நினைத்துப் பழைய நேரத்தைப் போட்டு எழுதுவதுதான் கேடு. அந்த ஒரு வரியை வைத்துக் கொலை வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் முழு நாட்குறிப்பையும் சந்தேகத்துக்குள் இழுத்துவிடுவார். குடும்பத்தின் கோப்பும் வழக்கும் ஒன்றாகச் சாயும்.

ஓசூரில் 2016 ஜூன் 15 அன்று ஹட்கோ காவல் நிலையத் தலைமைக் காவலர் முனுசாமி, நகை பறிப்புக் கும்பலைப் பிடிக்கப்போன இடத்தில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். முதலில் 5 லட்சம் ரூபாய் அறிவித்த முதலமைச்சர் ஜெயலலிதா, பிறகு அதை 1 கோடியாக உயர்த்தினார். 2020 ஜனவரியில் களியக்காவிளையில் சுட்டுக் கொல்லப்பட்ட சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன், 2021 நவம்பரில் ஆடு திருடர்களைத் துரத்திப்போய் வெட்டப்பட்ட பூமிநாதன் ஆகியோர் குடும்பங்களுக்கு 1 கோடி. இடையில், 2020 ஆகஸ்டில் தூத்துக்குடியில் ரவுடியைப் பிடிக்கப்போய் நாட்டு வெடிகுண்டில் இறந்த காவலர் சுப்பிரமணியன் குடும்பத்துக்கு 50 லட்சம். நால்வரும் குற்றவாளியைப் பிடிக்கப்போன இடத்திலோ துரத்தலிலோ சோதனையிலோ இறந்தவர்கள்தான். செய்தி எவ்வளவு பெரிதாகிறது, அரசு எந்தச் சூழலில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தொகை மாறுகிறது. நெய்த்தோர்பட்டிக்கு இருந்த ஒழுங்கு இதற்கு வந்தால் நல்லது.

அறிவித்த தொகை சீக்கிரம் வந்துவிடும். காசோலையை வாங்கும் படமும் வரும். அதற்கு அடியில் உள்ளவைதான் இழுக்கும். பணிக்கொடை, குடும்பப் பாதுகாப்பு நிதி, விடுப்புச் சரண், சேமநல நிதி ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்காமல் எதுவும் நகராது. கல்யாணத்துக்கு முன் பணியில் சேர்ந்தபோது அம்மா பெயரை நாமினியாகப் போட்டு, பிறகு மாற்றாமலே விட்டவர்கள் ஏராளம். அங்கேதான் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையில் வக்கீல் நுழைகிறார். 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் எடுக்கப்பட்டவர்கள் என்பதால், மூத்த காவலர் வீட்டுக்குக் கிடைத்த குடும்ப ஓய்வூதியத்தை வைத்து இவர்கள் வீட்டில் கணக்குப் போட்டுச் சொல்லக் கூடாது. சம்பளக் கணக்கோடு சேர்ந்த விபத்துக் காப்பீடு இன்னொன்று. 2025-இல் மாநில அரசு வங்கிகளோடு செய்துகொண்ட ஏற்பாட்டில் விபத்துச் சாவுக்கு 1 கோடி வரை காப்பீடு இருக்கிறது. ஆனால் சம்பளக் கணக்கு உரிய வகையில் இருக்க வேண்டும், வங்கிக் கிளைக்கு உரிய காலத்தில் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். துக்க வீட்டில் இதை யார் நினைப்பார்கள்? நிலையத்தின் எழுத்து வேலையைப் பார்க்கும் காவலரான ரைட்டர்தான் நினைக்க வேண்டும்.

கருணை வேலைக்கு இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் விண்ணப்பம் போட வேண்டும். மனைவி வேலைக்குப் போக விரும்பவில்லை, மகன் பெரியவனாகட்டும் என்று காத்திருந்த வீடுகளில் பல இந்த மூன்றாண்டில்தான் தவறிப்போயின. பையனுக்கு 13 வயது என்றால் காத்திருப்பதில் பயனில்லை என்று முதல் மாதத்திலேயே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது இரக்கம். அரசு மேசைகளைவிட வேகமாக ஓடுவது பேட்ச் நண்பர்கள். ஒரே ஆண்டில் சேர்ந்தவர்கள் வாட்ஸ்ஆப் குழு வழியாகத் தலைக்கு 500 ரூபாய் போட்டால், 4,000 பேர் உள்ள பேட்சில் 20 லட்சம் சேர்ந்துவிடுகிறது. அதற்குக் காரணம் கேட்பதில்லை. மாரடைப்பும் விபத்தும் அவர்கள் கணக்கில் பணிச் சாவுதான்.

கோப்பு ஓய்ந்த பிறகு கல்லின் முறை வரும். முதலாண்டு நினைவு நாளுக்குள் ஒரு கல் வைக்க வேண்டும் என்று ஊராரும் உடன் வேலை செய்தவர்களும் முனைவார்கள். நடுகல்போலச் செத்த இடத்திலேயே வைக்கலாமே என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். சாலையோரம் என்றால் முடியாது. பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டது. அதையும் மீறி வைத்தால், சாலையை அகலப்படுத்த ஜே.சி.பி. வரும் நாளில் முதலில் பெயர்வது அதுதான். ஆகவே நிலைய வளாகம். அங்கேயும் ஒரு ஆபத்து உண்டு. புதுக் கட்டடம் கட்டும்போது பழைய கல்லைத் தற்காலிகமாக நகர்த்தி, பறிமுதல் வண்டிகளுக்கு நடுவே சாய்த்துவைப்பார்கள். ஆய்வாளர் இரண்டு பேர் மாறியதும் அது யார் கல் என்றே தெரியாது. நிலையத்தின் சொத்துப் பதிவேட்டில் அளவு, வைத்த நாள், எழுத்து முழுவதும் ஏற்றிவிட்டால், பொறுப்பு மாறும்போது கல்லும் கையெழுத்தோடு கைமாறும்.

கல்லுக்குப் பஞ்சமில்லாத மாவட்டங்கள் இவை. சாம்பல் நிறக் கல்லில் வெட்டிய எழுத்து தள்ளி நின்றால் தெரியாது. பெயின்ட் அடித்தாக வேண்டும், அது சில மழைக்காலத்தில் உரியும். பளபளப்பாகத் தேய்த்த கருப்புக் கல்லில் வெட்டிய இடம் தானாகவே வெளிறித் தெரியும், பெயின்ட் வேண்டாம். நிலத்துக்கு மேல் 4 அடி, உள்ளே ஒன்றரை அடி, அகலம் 2 அடி, கனம் அரை அடி என்றால் 450 கிலோவுக்கு மேல் வரும். நாலு பேர் தூக்கலாம் என்று நினைத்து முனையை உடைக்காமல், இறக்குவதற்குச் சங்கிலிக் கப்பிக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

எழுத்து உயரம் ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஆழம் 3 மில்லிமீட்டராவது. தமிழெழுத்தில் சுழி அதிகம். இப்போதைய பட்டறைகளில் ஒட்டுத்தாள் வெட்டி ஒட்டி மணலை அடித்துச் செதுக்குகிறார்கள். எழுத்து சிறுத்தால் ண, ணை, ஞ இவற்றின் சுழிக்குள் இருக்கும் சின்னத் துண்டுத் தாள் காற்றில் பிய்ந்து சுழியே பள்ளமாகிவிடும். புள்ளியும் அப்படித்தான் தொலையும். கல்லில் ரப்பர் கிடையாது. முழு அளவில் தாளில் அச்சிட்டு, இறந்தவரின் வீட்டார் ஒருவரும் நிலையத்து ரைட்டரும் வாய்விட்டுப் படித்துக் கையெழுத்திட்ட பிறகே பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.

வழக்கமான பிழைகள் இவை. முதலெழுத்து மாறுவது. இறந்தபோது இருந்த பதவியா, நினைவாகச் சொல்லும் உயர்ந்த பதவியா என்று குழம்புவது. இரவு பதினொன்றரைக்குக் குத்துப்பட்டு நள்ளிரவுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் இறந்தால், முதல் தகவல் அறிக்கையில் ஒரு தேதி, இறப்புச் சான்றிதழில் இன்னொரு தேதி. கல்லுக்கு இறப்புச் சான்றிதழின் தேதிதான் சரி. தாக்கப்பட்ட நாளைத் தனியாகச் சொல்லலாம். வழக்கு நடக்கும்போது குத்தியவர் பெயரைக் கல்லில் போடவே கூடாது. தீர்ப்பு வேறாக வந்தால் கல் பொய் சொல்லும், அவதூறும் ஆகும். என்ன குற்றத்தைத் தடுக்கப் போனார் என்பது போதும்.

வாசகத்துக்குப் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. அகழ்வைப்பகத்துக் கல்லின் அச்சையே எடுத்துக்கொள்ளலாம். இன்ன காவல் நிலையத்துத் தலைமைக் காவலர் இன்னார், இன்ன நாள் இரவு, இன்ன ஊர் ஏரிக்கரையில், நகை பறித்தவர்களைப் பிடிக்கையில் குத்துப்பட்டு இறந்தார். ஆண்டு இது. கல் வைத்தவர்கள் இன்னார். முப்பது சொல்லுக்குள் முடியும். மாமனிதர், சரித்திர நாயகர் போன்ற சொற்கள் பிளெக்ஸ் பேனருக்கு ஆகும், அது எப்படியும் ஒரு மாதத்தில் கிழிந்துவிடும்.

ஒரு இடம் மட்டும் மாவட்டத் தூணாலும் டெல்லிச் சுவராலும் நிரப்ப முடியாதது. 1993 ஏப்ரல் 9 அன்று மலை மாதேசுவரன் மலைப் பக்கம் பாலாற்றருகே வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். அதில் காவலரும் வனத்துறையினரும் மட்டும் இல்லை, வழிகாட்டியாகவும் தகவல் சொல்லவும் கூடப்போன ஊர்க்காரர்களும் இருந்தார்கள். வனத்துறையினருக்குச் செப்டம்பர் 11 என்று தனி நாள் இருக்கிறது, காவலருக்கு அக்டோபர் 21. ஊர்க்காரர்களுக்கு எந்த நாளும் இல்லை. சீருடை இல்லாதவரின் பெயருக்குப் பட்டியலில் கட்டமே கிடையாது. வீரப்பன் பாப்பாரப்பட்டி அருகே பாடியில் சுடப்பட்டது 2004 அக்டோபர் 18, அந்த ஆண்டு வீரவணக்க நாளுக்கு மூன்று நாள் முன்பு. அதற்குள் அந்தக் காட்டோர ஊர்களில் தகவல் சொன்னதற்காக வெட்டுப்பட்டவர்கள் எத்தனையோ பேர்.

செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்ட ஒரு கல் இருக்கிறது. தன் எருமைகளின் பொருட்டுச் சண்டையிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுடையது. அதில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் உண்டு. கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று அதற்கும் ஒரு வரி வெட்டியிருக்கிறார்கள். நிலைய வளாகத்தில் வைக்கும் கல்லுக்கு டெல்லியின் விதி எதுவும் இல்லை. கூட ஓடிய ஊர்க்காவல் படைக்காரர், வழி காட்டிய ஆடு மேய்ப்பவர், காயம்பட்டவரைத் தன் வண்டியில் ஏற்றிய ஆட்டோக்காரர் என்று பின்னால் தெரியவரும் பெயர்களும் ஏறலாம், அவரவர் ஒப்புக்கொண்டால். பட்டறையில் சொல்லும்போதே கீழே நாலு வரிக்கு இடம் விட்டு வெட்டச் சொல்ல வேண்டும்.